கவுண்டருக்கு இந்தப் பக்கம்

போன மாதம் இந்தப் பக்கத்தில் காசுக்கட்டளை (மணி ஓடர்) பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன்: அமெரிக்காவில் தபால் காசுக்கட்டளை தொடங்கியதே உள்நாட்டுப் போரில் நின்ற சிப்பாய்கள் வீட்டுக்குப் பணம் அனுப்பத்தான் என்று. அந்த ஒரு வரிக்கு இருபத்தேழு கடிதங்கள் வந்திருக்கின்றன. முப்பத்துமூன்று வருடம் தபாற்கந்தோரில் இருந்தவன் அல்லவா, கட்டைக் கண்டதும் கை தானாகவே பிரித்துவிட்டது: கொழும்பு ஒரு பக்கம், வெளியூர் ஒரு பக்கம். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து எட்டு எடுத்திருக்கிறேன். சிலதுக்கு நீட்டி எழுதிவிட்டேன். ஆசிரியர் வெட்டாமல் விட்டால் சந்தோசம்.

சிப்பாய்களுக்காகவா காசுக்கட்டளை? நம்ப முடியவில்லையே. விவரமாகச் சொல்லுங்கள்.
வாசகி, வெள்ளவத்தை

நம்புங்கள். அந்தப் போர் 1861 ஏப்ரலில் தொடங்கி 1865 வரை நடந்தது. வடக்கே யூனியன், தெற்கே அடிமை முறையை விடமாட்டோம் என்று பிரிந்துபோன மாநிலங்களின் கூட்டமைப்பு. (நம் ஊர்க் கூட்டமைப்பை நினைத்துக்கொள்ள வேண்டாம்.) வடக்குச் சிப்பாய்க்குச் சம்பளம் மாதம் 13 டொலர், தெற்குச் சிப்பாய்க்கு 11. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை கொடுப்பது என்று சட்டம். உண்மையில் நாலு மாதம், ஆறு மாதம் என்று இழுபட்டது. வடக்குப் படையில் சேர்ந்த கறுப்பினச் சிப்பாய்களுக்கோ 10 டொலர்தான், அதிலும் உடுப்புக்கு என்று 3 டொலர் வெட்டினார்கள். மசசூசெற்ஸ் 54ஆவது படைப்பிரிவு, கொடுத்தால் முழுச் சம்பளம் கொடுங்கள், இல்லாவிட்டால் ஒன்றும் வேண்டாம் என்று வாங்க மறுத்தே சண்டை பிடித்தது. 1864 ஜூனில்தான் சட்டம் மாறியது.

சரி, சம்பளம் கைக்கு வந்துவிட்டது, வீட்டுக்கு எப்படி அனுப்புவது? கடிதத்துக்குள் நோட்டை மடித்து வைப்பார்கள். உறையைத் தடவிப் பார்த்தே உள்ளே இருப்பது என்னவென்று சொல்லும் விரல்கள் எல்லா நாட்டிலும் உண்டு. இல்லையென்றால் படையோடு இருக்கும் பாதிரியாரிடம், ஊருக்குப் போகும் கூட்டாளியிடம் கொடுத்துவிட வேண்டும். இதைப் பார்த்துத்தான் அப்போதைய தபால்மா அதிபர் மொன்ற்கொமெரி பிளேயர் காசுக்கட்டளை முறையைக் கேட்டு நின்றார். 1864 நவம்பர் 1ஆம் திகதி, நூற்றுச் சொச்சம் தபாலகங்களில் அது தொடங்கியது. அடுத்த ஏப்ரலில் போர் முடிகிறது! படிவம் அச்சாகி வரும்போது ஆட்கள் வீட்டுக்குப் போகும் நேரம். அரசாங்கத்தில் வேலை செய்த யாருக்கும் இதில் ஆச்சரியம் இருக்காது.

சொல்ல மறந்துவிட்டேன். 1862இல் சில்லறைக்காசு எல்லாம் வீடுகளில் பதுங்கிவிட, சனங்கள் தபால் முத்திரையைச் சில்லறையாகப் பாவித்தார்கள். சிப்பாயின் சட்டைப்பையில் வியர்வை பட்டு முத்திரைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். முத்திரை விற்றவன் என்ற முறையில் அந்த வேதனை எனக்குத் தனியாக விளங்கும்.

படங்களில் சண்டையை மட்டும்தான் காட்டுகிறார்கள். மற்ற நாள்களில் அந்தச் சிப்பாய் என்ன செய்தான்?
உயர்தர மாணவன், கொட்டாஞ்சேனை

தம்பி, நல்ல கேள்வி. வருடத்தில் சண்டை நடந்தது சில நாள். மிச்ச நாளெல்லாம் அணிவகுப்புப் பயிற்சி, விறகு பொறுக்குதல், தண்ணீர் சுமத்தல், காவல் நிற்றல். அதற்கும் மேலே, காத்திருத்தல். பாதிப் பேர் கமக்காரப் பிள்ளைகள். ஊரில் காலையில் மாட்டைப் பார்த்தவன் இங்கே வந்து ஒரு நாளைக்கு மூன்று தடவை இடம், வலம் திரும்பிக்கொண்டிருந்தான்.

கூடாரத்தைச் சொல்கிறேன், கேள். இரண்டு பேருக்கு ஒன்று. அதுவும் ஆளுக்குப் பாதி. ஒவ்வொருவனும் பாதித் துணியைத் தன் மூட்டையில் சுமந்து நடப்பான். இருட்டினதும் இரண்டு பாதியையும் பொத்தான் போட்டு இணைத்து, துப்பாக்கியையோ தடியையோ நட்டு, அதன் கீழே நுழைந்து படுப்பார்கள். முன்னும் பின்னும் திறப்பு, மழை பெய்தால் கால் நனையும். மற்றப் பாதியைச் சுமந்தவன் பகல் சண்டையில் செத்துப்போனால், இரவு உன்னிடம் இருப்பது அரைக் கூடாரம். இதைப் படித்த அன்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, றெயில் பாதையைத் தாண்டிக் கடற்கரைப் பக்கம் கொஞ்சம் நடந்துவிட்டு வந்தேன்.

மாரியில் ஓரிடத்தில் தங்கினால் மரக்கட்டைகளை அடுக்கிக் குடில் கட்டுவார்கள். இடைவெளிக்குக் களிமண் பூசி, புகைபோக்கிக்கு மேலே அடியில்லாத பீப்பாய் ஒன்றைக் கவிழ்த்துவிடுவார்கள். பீப்பாய் அடிக்கடி தீப்பிடிக்கும். அதுவும் ஒரு பொழுதுபோக்கு.

சாப்பாடு? நடைப்பயணத்தில் வடக்குச் சிப்பாய்க்கு நாளொன்றுக்கு ஒரு றாத்தல் ஹார்ட்டாக், முக்கால் றாத்தல் உப்புப் பன்றியிறைச்சி. ஹார்ட்டாக் என்பது மாவும் தண்ணீரும் மட்டும் சேர்த்துச் சுட்ட சதுர பிஸ்கட், மூன்று அங்குல அகலம் இருக்கும். நம் ரோஸ் பாண் அதற்குப் பக்கத்தில் பட்டர் கேக். துப்பாக்கிக் கட்டையால் அடித்துத்தான் உடைப்பார்கள். பழைய பெட்டியாக இருந்தால் உள்ளே புழு, வண்டு. அதற்கும் ஒரு கைமருந்து கண்டுபிடித்து வைத்திருந்தார்கள்: கொதிக்கும் கோப்பியில் போட்டால் புழு மிதந்து மேலே வரும், கரண்டியால் வழித்து எறிந்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிடலாம். அந்த பிஸ்கட்டுக்கு அவர்கள் வைத்த பட்டப்பெயர்களில் ஒன்று 'புழுக்கோட்டை'. தெற்குப் பக்கம் சோளமாவு. அதைப் பிசைந்து துப்பாக்கியில் மருந்து கெட்டிக்கும் கம்பியில் சுற்றி நெருப்பில் வாட்டித் தின்றார்கள்.

கோப்பிதான் உயிர். விடிய எழுந்ததும் கோப்பி, நடக்கத் தொடங்குமுன் கோப்பி, நின்றால் கோப்பி. தெற்கே துறைமுகங்களை வடக்கு மறித்துவிட்டதால் அங்கே கோப்பிக்குத் தட்டுப்பாடு. சிக்கரி, கருக்கின வற்றாளங்கிழங்கு, றை தானியம் என்று எதையெதையோ வறுத்துக் குடித்தார்கள். ஆனால் தெற்கே புகையிலை தாராளம், வடக்கே அது குறைவு. அப்புறம் என்ன, 1862 மாரியில் ரப்பஹானொக் ஆற்றின் இரு கரையிலும் இரண்டு படையும் முகாம் போட்டிருந்தபோது, பலகைத் துண்டில் பாய் கட்டிச் சின்ன விளையாட்டுத் தோணிகள் செய்து, இந்தப் பக்கமிருந்து கோப்பி, அந்தப் பக்கமிருந்து புகையிலை, கூடவே அவரவர் ஊர்ப் பத்திரிகை என்று அனுப்பிக்கொண்டார்கள். அதிகாரிகள் தடுத்தார்கள். தோணி போனது.

கோப்பி என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. அமெரிக்கர் குடித்தது பெரும்பாலும் பிரேசில் கோப்பி. ஆனால் அதே ஆண்டுகளில் எங்கள் மலைநாடும் கோப்பிக் காடுதான். முதல் தேயிலைத் தோட்டம் லூல்கந்துரையில் வந்தது 1867இல். தென்னிந்தியாவிலிருந்து வந்து மன்னாரில் இறங்கிக் காட்டுவழியே கண்டிச் சீமைக்கு நடந்துவந்து கோப்பி பறித்தவர்களின் பூட்டப்பிள்ளைகள் சிலர் இந்தப் பத்திரிகையின் வாசகர்கள். அந்த வழியில் விழுந்தவர்களுக்கு யாரும் கடிதம்கூட எழுதவில்லை.

கடைசியாக ஒன்று, பரீட்சைக்கு உதவும். அந்தப் போரில் இறந்தவர்கள் 620,000 என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். புதிய கணக்கு 750,000 வரை போகிறது. அதில் மூன்றில் இரண்டு பங்கு நோய்: வயிற்றோட்டம், நெருப்புக்காய்ச்சல், சின்னமுத்து. கமத்தில் தனித்தனியாக வளர்ந்த பிள்ளைகளை ஒரே முகாமில் அடைத்ததும் சின்னமுத்தே ஆளைக் கொன்றது.

லீவு கிடைத்ததா?
ஓய்வுபெற்ற ஆசிரியை, பண்டாரவளை

அரிது. சேரும்போது மூன்று வருடத்துக்கு என்று கையெழுத்து. 1864இல் அந்த மூன்று வருடம் முடியப்போகும் நேரத்தில், திரும்பவும் சேர்ந்தால் 30 நாள் லீவும் 400 டொலரும் தருவோம் என்றார்கள். 400 டொலருக்காகச் சேர்ந்தவர்களை விட 30 நாளுக்காகச் சேர்ந்தவர்கள் கூட என்று நான் நினைக்கிறேன். நீங்களும் அப்படித்தான் நினைப்பீர்கள்.

ஐயா, நீங்கள் அமெரிக்காவுக்குப் போயிருக்கிறீர்களா?
வாசகர், வத்தளை

இல்லை. கட்டுநாயக்கா வரை போயிருக்கிறேன், மற்றவர்களை ஏற்றிவிட.

அந்தச் சிப்பாய்கள் வீட்டுக்கு என்ன எழுதினார்கள்? மேலிடம் படித்துப் பார்த்துத்தான் விட்டதா? எழுதப்படிக்கத் தெரியாதவன் என்ன செய்தான்?
வாசகி, தெஹிவளை

மூன்று கேள்வி. ஒரே முத்திரையில் வந்துவிட்டது, பரவாயில்லை.

முதலில் இரண்டாவது. பொதுவாகக் கடிதத்தைத் தணிக்கை செய்யும் வழக்கம் அப்போது இல்லை. பின்னால் வந்த பெரிய போர்களில்தான் அதிகாரி கத்தரிக்கோலோடு உட்கார்ந்தார். அதனால்தான் அந்தக் கடிதங்கள் இன்றைக்கும் தங்கமாக இருக்கின்றன. எந்த மேசர் குடிகாரர் என்பதுகூடப் பெயரோடு இருக்கும். வடக்கின் வெள்ளைச் சிப்பாய்களில் பத்தில் ஒன்பது பேருக்கு எழுதத் தெரியும், தெற்கில் பத்தில் எட்டுப் பேருக்கு. அடிமைகளாக இருந்து வந்து சேர்ந்த கறுப்பினச் சிப்பாய்களுக்கு எழுத்துப் படிப்பிப்பதே சட்டவிரோதமாக இருந்த மாநிலங்கள் பல. அவர்கள் முகாமில்தான் நெடுங்கணக்குத் தொடங்கினார்கள். தெரியாதவனுக்குத் தெரிந்தவன் எழுதினான். வொஷிங்டன் ஆஸ்பத்திரிகளில் காயப்பட்டுக் கிடந்தவர்களுக்குக் கட்டில் கட்டிலாகப் போய்க் கடிதம் எழுதிக்கொடுத்தவர் வால்ட் விட்மன் என்ற பெரிய கவிஞர். கையில் கடதாசி, உறை, முத்திரை, தோடம்பழம், கொஞ்சம் புகையிலை. கவிதைக்காக அவரைப் போற்றுகிறவர்கள் போற்றட்டும், எனக்கு அவர் தொழிலில் மூத்தவர்.

முத்திரை வாங்கக் காசில்லாத வடக்குச் சிப்பாய் உறையில் 'சிப்பாயின் கடிதம்' என்று எழுதி அதிகாரியிடம் கையெழுத்து வாங்கினால் போதும். 3 சதத்தை வீட்டுக்காரர் கட்டி எடுத்துக்கொள்வார்கள். (இந்த மாதம் எனக்கும் இரண்டு கடிதம் முத்திரையில்லாமல் வந்தது. இரட்டிப்புக் கட்டி எடுத்தேன். நீங்கள் யாரும் சிப்பாய் இல்லையே, ஒட்டி அனுப்புங்கள்.) தெற்கே கடதாசியே கிடையாது. வந்த உறையைப் பிரித்து உட்புறத்தை வெளியே திருப்பி ஒட்டினார்கள். சுவருக்கு ஒட்டும் பூக்கடதாசியில் உறை செய்தார்கள். ஒரு பக்கம் எழுதி முடித்ததும் தாளைக் குறுக்கே திருப்பி, எழுதின வரிகளுக்கு மேலேயே இன்னொரு கடிதம் எழுதினார்கள். வாசிக்கிறவளின் கண்ணை நினைத்துப் பாருங்கள்.

என்ன எழுதினார்கள் என்றால், சாப்பாடு, காலுறை, மழை, சம்பளம் வரவில்லை, பசு கன்று போட்டதா, அடமானத்தைக் கட்டினாயா. சண்டையைப் பற்றிச் சொல்ல வந்தவன்கூட நாலாவது வரியில் 'அதை எழுதி முடியாது' என்று விட்டுவிட்டுக் காலுறைக்கு வந்துவிடுவான்.

இது எனக்குப் புத்தகத்தில் கிடைத்த ஞானம் மட்டும் இல்லை. 1995 ஒக்டோபர் கடைசியில், போர் நெருங்க, யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுதும் ஒரே இரவில் கிளம்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது என் அக்காவும் அதற்குள் நடந்தா. இங்கே நான் தினம் ஆயிரம் பேருடைய கடிதத்துக்கு முத்திரை குத்துகிறேன், எனக்கு வரவேண்டிய ஒன்று வரவில்லை. ஊர் விலாசத்துக்கு எழுதினால் யார் எடுப்பார்கள்? ஏழாவது வாரம் செஞ்சிலுவைச் சங்கப் படிவம் ஒன்று வந்தது. உறை கிடையாது, யாரும் வாசிக்கலாம். குடும்பச் செய்தி மட்டும்தான் எழுதலாம் என்பது அதன் நிபந்தனை. அக்காவின் உருண்டைக் கையெழுத்தில் மூன்று வரி: "எல்லாரும் சுகம். கொடிகாமத்தில இருக்கிறம். கோழியளை அவிட்டு விட்டிட்டு வந்தனான்."

நான் அந்த மூன்றாவது வரியைத்தான் திரும்பத் திரும்ப வாசித்தேன். அத்தனை சனத்துக்குள் மழையில் நின்று நகர்ந்ததையோ, அத்தானுக்கு நெஞ்சு நோ வந்ததையோ அவ எழுதவில்லை. அது பிறகு ஆட்கள் சொல்லித்தான் தெரியும். கோழிகளைக் கூட்டில் அடைத்து வைத்துவிட்டு வரவில்லை, அவிழ்த்துத்தான் விட்டேன் என்பதை மட்டும் தம்பிக்குச் சொல்ல வேண்டியிருந்திருக்கிறது. ஜோர்ஜியாக்காரனோ நியூயோர்க்காரனோ காலுறை பற்றி எழுதினால் இப்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

வீட்டு ஞாபகம் ஒரு வருத்தமா? அதனால் செத்தார்கள் என்று எங்கோ வாசித்தேன்.
வாசகர், மட்டக்களப்பு

சரியாகத்தான் வாசித்திருக்கிறீர்கள். 'நொஸ்ரால்ஜியா' என்று வடக்குப் படை வைத்தியர்களின் பதிவேட்டில் தனி நோயாகவே இருந்தது. 5,000 பேருக்கு மேல் அந்த நோய் என்று எழுதப்பட்டார்கள், சிலர் அதிலேயே இறந்ததாகவும். சாப்பாடு இறங்காது, நித்திரை இல்லை, மெலிந்துகொண்டே போவான், வேறு காய்ச்சல் வந்தால் எதிர்த்து நிற்க உடம்பில் ஒன்றும் இருக்காது. சில முகாம்களில் வீட்டைப் பற்றிய பாட்டுகளை வாத்தியக்காரர் வாசிக்கக் கூடாது என்று தடையே போட்டார்கள். முன்னே சொன்ன அதே ரப்பஹானொக் கரையில் ஒரு மாலை, வடக்கின் வாத்தியக் குழு அப்படி ஒரு பாட்டை எடுக்க, அக்கரைக் குழுவும் சேர்ந்துகொண்டது என்று ஒரு கதை உண்டு. கதை கொஞ்சம் வளர்ந்திருக்கலாம். தடை போட்டவனுக்குக் காரணம் இருந்தது என்பது மட்டும் தெரிகிறது.

ஒரு சிப்பாய் இறந்தால் வீட்டுக்கு எப்படித் தெரியும்? தகடு எண் அப்போது இருந்ததா?
வாசகி, புதுச்செட்டித் தெரு

கழுத்தில் தகடு அரசாங்கம் கொடுக்கவில்லை. விருப்பமானவர்கள் கடையில் வாங்கிக் குத்திக்கொண்டார்கள். 1864 ஜூனில் கோல்ட் ஹார்பர் என்ற இடத்தில் தாக்குதலுக்கு முதல்நாள், சிப்பாய்கள் சட்டையைக் கழற்றி வைத்து ஏதோ தைத்துக்கொண்டிருப்பதை ஓர் அதிகாரி பார்த்தாராம். கிட்டப்போனால், பெயரையும் விலாசத்தையும் துண்டுக் கடதாசியில் எழுதிச் சட்டை முதுகில் குத்திக்கொண்டிருந்தார்கள். குப்புற விழுவோம் என்று தெரிந்திருக்கிறது. இன்னொன்றும் செய்வார்கள்: சண்டைக்குப் போகும் வழியில் சீட்டுக்கட்டையும் தாயக்கட்டையையும் எறிந்துவிட்டுப் போவார்கள். பையில் இருப்பது அம்மாவிடம் போய்ச் சேரும் அல்லவா. உயிர் தப்பினவர்கள் திரும்பி வரும்போது பொறுக்கிக்கொள்வார்கள்.

கெற்றிஸ்பேர்க் சண்டையில் 1863 ஜூலை முதலாம் திகதி ஒரு வடக்குச் சார்ஜன்ட் இறந்துகிடந்தார். பெயர் விவரம் எதுவும் இல்லை. கையில் ஒரு கண்ணாடிப் படம் மட்டும்: மூன்று குழந்தைகள். சாகும்போது அதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். அந்தப் படம் பிலடெல்பியா வைத்தியர் ஒருவரிடம் வந்து சேர, அவர் பத்திரிகைகளில் போடச் செய்தார். பத்திரிகையில் புகைப்படம் அச்சிடும் வசதி அப்போது இல்லை. ஆகவே வார்த்தையால் எழுதினார்கள்: இரண்டு பையன், ஒரு பெண்பிள்ளை, மூத்தவனின் சட்டையும் தங்கையின் கவுணும் ஒரே துணியில் தைத்தவை. நியூயோர்க் மாநிலத்தில் போர்ட்வில் என்ற சின்ன ஊரில், அந்தச் சண்டைக்குப் பிறகு புருசனிடமிருந்து கடிதமே வராமல் இருந்த ஒருத்திக்கு அந்தச் செய்தி போய்ச் சேர்ந்தது. துணியை வெட்டித் தைத்த கை எதுவென்று அவளுக்குத்தானே தெரியும். நவம்பரில் உறுதியாயிற்று. அவர் பெயர் ஏமஸ் ஹியூமிஸ்ரன்.

போர் முடிந்ததும் கிளாரா பார்ட்டன் என்ற அம்மையார் வொஷிங்டனில் காணாமல்போன சிப்பாய்களுக்காக ஒரு சின்ன அலுவலகம் வைத்தார். 1868 வரை அங்கே வந்த கடிதங்கள் 63,000க்கு மேல். அவரால் 22,000க்கு மேற்பட்டவர்களுக்கு என்ன நடந்தது என்று பதில் எழுத முடிந்தது. மூன்றில் ஒன்று. இதை வாசிக்கும்போது உங்களுக்கு எந்தத் தெரு, எந்தப் படம் ஏந்திய அம்மாமார் ஞாபகம் வருகிறார்கள் என்று நான் எழுதத் தேவையில்லை.

நூற்று அறுபது வருடத்துக்கு முந்திய அமெரிக்கச் சிப்பாய்க்கு இரங்குகிறீர். எங்கள் கண்ணுக்கு முன்னால் நின்ற ஆமிக்காரனைப் பற்றி ஏன் மூச்சு விடவில்லை? பயமா, வெறுப்பா?
பெயர் வேண்டாம், கொழும்பு 13

இரண்டும் இருந்தது. 1996 ஜனவரியில் மத்திய வங்கிக் குண்டு வெடித்த பிறகு ஓர் இரவு முழுக்க என்னை ஒரு பொலிஸ் நிலையத்து வாங்கில் இருத்தி வைத்தார்கள். அரசாங்க உத்தியோக அட்டை இருந்தும்தான். அந்தக் கோபத்தை இன்னும் மடித்து வைத்திருக்கிறேன், அதை ஒருவரும் என்னிடமிருந்து எடுக்கத் தேவையில்லை. நீங்கள் கேட்டதால் மற்றதையும் சொல்கிறேன்.

எங்கள் கந்தோருக்கு முன்னால் சந்தியில் மண்மூட்டை அடுக்கி ஒரு சோதனைச் சாவடி வைத்தார்கள். அதில் நின்றவர்களில் ஒரு பெடியன், இருபத்தொன்று இருபத்திரண்டு வயது, மொனறாகலைப் பக்கம். மாதம் ஒரு தடவை கவுண்டருக்கு வருவான். (பலகையில் 'கருமபீடம்' என்றுதான் எழுதியிருக்கும். யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை.) அம்மாவுக்கு 2,000 ரூபா காசுக்கட்டளை. துப்பாக்கியைக் கவுண்டர் மேலே வைக்கக் கூடாது என்று முதல்நாளே சொன்னேன். "சரி மாத்தையா" என்று தோளில் மாட்டிக்கொண்டான். படிவத்தை நான்தான் நிரப்பிக் கொடுப்பேன், அவனுடைய அட்டையை வாங்கிப் பார்த்து எண் குறித்துக்கொண்டு. பின்னேரம் ஐந்தரைக்கு நான் வீட்டுக்கு நடந்தால் அதே பெடியன் சந்தியில் கையை நீட்டுவான், என் அட்டைக்கு. தெரியாத ஆள் மாதிரி முன்னும் பின்னும் திருப்பிப் பார்ப்பான். பின்னால் அவனுடைய கோப்ரல் நிற்பான். முதல் சில தடவை எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிறகு கவனித்தேன், அட்டையைத் திருப்பித் தரும்போது மட்டும் இரண்டு கையாலும் தருவான்.

ஒரு நாள் காசுக்கட்டளையோடு கடிதமும் வைக்கவேண்டும் என்று பேனை கேட்டான். கட்டைப் பேனை, நூலில் கட்டியிருக்கும். நின்றபடியே எழுதத் தொடங்கி முதல் வரியிலேயே நின்றுவிட்டான். "மாத்தையா, ஆதரணீய அம்மா என்பதில் எந்த ண வரும்?" சிங்களத்திலும் இரண்டு ன, ண உண்டு. பேச்சில் வித்தியாசம் இல்லை, எழுத்தில் தப்பினால் வாத்தியார் அடிப்பார். பிறந்த மொழிக்காரனுக்குச் சந்தேகம். எனக்குச் சந்தேகமே இல்லை. உத்தியோகம் நிலைக்க வேண்டும் என்று சிங்களப் பரீட்சைக்கு இரவிரவாகப் பாடமாக்கியவன் நான். "மூன்று சுழி" என்று தமிழில் வாய்வரை வந்துவிட்டது. கடதாசித் துண்டில் எழுதிக் காட்டினேன். அவன் பார்த்து எழுதினான். தெரியாமல் என் கண்ணிலும் பட்டுவிட்டது, நாலே வரி: சுகமாக இருக்கிறேன், இங்கே மழை, கூரைக்குத் தகரம் போட்டாயிற்றா, தங்கச்சியைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிற்பாட்ட வேண்டாம்.

1997 மார்ச் முடியும்போது சாவடியில் புது முகங்கள். அவனுடைய ஆட்களை வடக்கே அனுப்பிவிட்டார்கள் என்று வெற்றிலைக் கடையில் சொன்னார்கள். சித்திரை வருடப்பிறப்பு கழிந்து ஐந்தாறு நாளில் ஒரு பார்சல் வந்தது. பழுப்புக் கடதாசி, சணல் கயிறு, எங்கள் கந்தோரின் மேல்பார்த்து அவன் பெயரும் படை எண்ணும். எழுத்து பள்ளிக்கூடப் பிள்ளையின் எழுத்து, தங்கச்சியாக இருக்க வேண்டும். உள்ளே என்னவென்று திறந்து பார்க்கத் தேவையில்லை. கவும், கொக்கிஸ். தேங்காயெண்ணெய் கடதாசி முழுக்க ஊறி முத்திரைகளே கண்ணாடி மாதிரி ஆகிவிட்டிருந்தன. சாவடியில் புதிதாக நின்றவனிடம் கேட்டேன். "வவுனியா பக்கம் மாத்தையா" என்றான். வவுனியா பக்கம் என்பது ஒரு விலாசமா?

வைத்திருக்க வேண்டிய நாளுக்கு மேலேயும் ஒரு கிழமை வைத்திருந்தோம். எறும்பு வந்துவிட்டது. தபாலதிபர் பெரேராக்காரர், எதற்கும் சத்தம் போடுகிற மனிதர், இதற்குப் போடவில்லை. தானே ஒரு பழைய தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்து, பார்சலை அதன்மேல் ஏற்றி வைத்தார். அது எங்கள் பதிவுத் தபால் அலுமாரிக்குப் பக்கத்தில் அப்படியே குந்தியிருந்தது. வருகிற சனம் எல்லாம் மூக்கைச் சுளித்து, பிறகு சிரித்து, "யாருடைய பலகாரம்?" என்று கேட்கும்.

மே மாதம் பிறந்ததும் திருப்பி அனுப்பினேன். அனுப்புநருக்குத் திருப்பும் சீட்டில் காரணத்துக்கு வரிசையாகக் கட்டங்கள் இருக்கும்: ஆள் இல்லை, விலாசம் போதாது, ஏற்க மறுத்தார், போய்விட்டார். பேனையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தேன். 'விலாசம் போதாது' என்பதில் சரி போட்டேன். 13ஆம் திகதி இரவு, ஓமந்தைப் பக்கம் ஜெயசிக்குறு படை நடவடிக்கை தொடங்கிவிட்டது என்று றேடியோவில் சொன்னார்கள். பார்சல் அதற்கு முதலே மொனறாகலை போய்ச் சேர்ந்திருக்கும்.